பதினேழாம் நம்பர் டப்பா

அந்தப் பொத்தான் தொழிற்சாலையின் கணக்கு அறையில் புள்ளியக்கா முப்பத்தோரு வருஷமாக விட்ட பெருமூச்சுகளை யாராவது பையில் பிடித்து வைத்திருந்தால், ஊரில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் டயரில் காற்றடித்துவிட்டு மிச்சத்தில் பலூன் கடை வைத்திருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு விட்டது அவற்றில் முதல் தரம். மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பு இரண்டு விரற்கடை நகர்ந்தது.

காரணம், வாசலில் மாப்பிள்ளை நின்றார்.

மாப்பிள்ளை என்றால் அவளுடைய மாப்பிள்ளை இல்லை. முதலாளியின் பெண்ணைக் கட்டியவர். கதவுப் பலகையில் ‘மேலாளர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் வந்த முதல் நாளே முதலாளி எல்லோர் முன்னாலும், “மாப்பிள்ளை, கொஞ்சம் இங்க வாங்க” என்று கூப்பிட்டுவிட்டார். அதோடு சரி. அன்றிலிருந்து இருநூறு பேருக்கும் அவர் மாப்பிள்ளை, வாட்ச்மேனுக்கும் மாப்பிள்ளை.

பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு அளக்கிற நோய் பிடித்திருந்தது. கழிவறைக் குழாய் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுச் சொட்டுகிறது, வாட்ச்மேன் மணிக்கு எத்தனை கொட்டாவி விடுகிறான் என்று அளந்தார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சுவரில் போகிற எறும்புகளுக்கும் அடையாள அட்டை போட்டிருப்பார்.

“அக்கா, ஒரு சின்ன வேலை. ரெண்டு நிமிஷம்தான்.”

“ரெண்டு நிமிஷம்னு யாராவது சொன்னா அன்னிக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. சொல்லுங்க தம்பி.”

ஒரு தாளை நீட்டினார். இருபத்துநாலு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஸ்டூல் நம்பர், அந்த ஸ்டூல்காரி போன வாரம் உட்கார்ந்த நிமிஷங்கள், அவள் பார்க்காமல் தவறவிட்ட பழுதுப் பொத்தான்களின் எண்ணிக்கை. அடியில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு எண்: 0.97.

“இது உக்கார்றதுக்கும் தப்புக்கும் உள்ள ஒட்டுறவு, ரெண்டும் எவ்வளவு சேந்து போகுதுன்னு. கம்ப்யூட்டர்லயே போட்டுட்டேன். ஒன்னு வந்தா முழுசு, இது ஒன்னுக்கு மூணு காசு கம்மி. உக்கார உக்காரத் தப்பு ஏறுது. மாமா நாலு மணிக்கு வர்றாரு. கீழ உங்க கையெழுத்து மட்டும் போதும்.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன லாரி பின்பக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தது.

“அது எதுக்கு?”

“ஸ்டூலையெல்லாம் ஏத்த. சாயங்காலம் குடோனுக்குப் போயிரும்.”

விஷயம் இதுதான். பொத்தான்கள் அச்சிலிருந்து வந்து ஒரு நீளமான பெல்ட்டில் ஓடும். அதன் ஓரமாக இருபத்துநாலு பெண்கள் நின்று, விளிம்பு உடைந்தது, துளை அடைத்தது என்று பழுதானதைப் பொறுக்கி எடுப்பார்கள். சாப்பாட்டு நேரம் தவிர, காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை பெல்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆளுக்கொரு ஸ்டூல் பின்னால் உண்டு. பெல்ட் மெதுவாகிற நேரங்களில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அதிகம் போனால் முக்கால் மணி. அந்த முக்கால் மணியை நம்பித்தான் நாற்பத்தெட்டு முழங்கால்கள் அங்கே பிழைத்துக்கொண்டிருந்தன.

அதில் பதினேழாம் நம்பர் ஸ்டூல் புள்ளியக்காவின் நாத்தனாருடையது.

அவளுடைய முழங்கால்கள் சாயங்காலமானால் இரண்டு பூசணிக்காய்கள். டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்: உட்கார இடமில்லாத வேலையென்றால் விட்டுவிடு. விட்டால் வீட்டில்தான் இருப்பாள், புள்ளியக்காவின் வீட்டில், அண்ணன் வீட்டில், காலையிலிருந்து ராத்திரி வரை. ஏற்கெனவே முன்னறை ஜன்னலைத் திறந்து வைப்பதா சாத்தி வைப்பதா என்ற சண்டையில் இரண்டு பேரும் பேசி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருத்தி டிரைவருக்குப் பின்னாலும் ஒருத்தி கடைசி வரிசையிலுமாக உட்கார்ந்து வந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட இவளுடைய வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் பயந்து, வீட்டுக்குள்ளேயே குடை பிடித்தவர்போல ஒடுங்கி நடமாடினார்.

கையெழுத்துப் போட இரண்டு விநாடி போதும். போட்டுவிட்டுத் தலையை மேஜையில் வைத்துப் படுத்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள்.

“படம் போட்டீங்களா தம்பி?”

“எதுக்குக்கா படம்? அதான் நம்பர் வந்திருச்சே.”

புள்ளியக்கா பேனாவை மூடினாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். எந்த இரண்டு கணக்குக்கும் ஒட்டுறவு கேட்டால், முதலில் கிராஃப் தாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி வைப்பாள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவாள். ஏழு எட்டுப் பின்னால் போய் நின்று பார்ப்பாள். புள்ளிகள் ஒரு கோடு மாதிரி போகிறதா, வளைந்து திரும்புகிறதா, இல்லை எறும்புக் கூட்டத்தில் காபி சிந்தின மாதிரி இருக்கிறதா, எவனாவது கூட்டத்தைவிட்டுத் தனியே ஓடி நிற்கிறானா என்று பார்த்த பிறகுதான் கூட்டல் பெருக்கல். எட்டாவது எட்டு வைத்தால் முதுகு அலமாரியில் இடிக்கும் என்பதால்தான் ஏழு.

முதலாளிக்கு இந்தக் கூத்து வெகுகாலம் பிடிக்காமல்தான் இருந்தது. ஒரு வருஷம் யாரோ ஒரு புத்திசாலி, மழைக்கும் பொத்தான் விற்பனைக்கும் ஒட்டுறவு பிரமாதம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தான். இவள் படத்தைப் பார்த்துவிட்டு, இது நாலே நாலு புள்ளி, இதை நம்பாதீர்கள் என்றாள். முதலாளி மழையை எதிர்பார்த்து மூன்று லாரிப் பொத்தானை அடுக்கிவைத்தார். மழையும் வந்தது, மீன்கள் அலுவலகத்துக்குள் நீந்தி வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு வந்தது. பொத்தான்தான் போகவில்லை. அந்தக் குடோன் கதவைத் திறந்தால் இன்றைக்கும் முழங்கால் வரை கொட்டும். அதற்குப் பிறகு, அவள் கையெழுத்து இல்லாத எண்ணை முதலாளி தொடுவதில்லை.

“நாலு மணிக்குள்ள தர்றேன். போங்க.”

“அக்கா, பதினேழு உங்க...”

“தெரியும்.”

“இல்ல, நாளைக்கு யாரும் ஏதும் சொல்லக்கூடாது பாருங்க, அதுக்காகச் சொல்றேன்.”

சொல்லிவிட்டுப் போனார். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

முதல் புள்ளிகள் சாதுவாக வந்தன. நூற்று எழுபது நிமிஷம், இருபத்திரண்டு தவறு. இருநூற்றுப் பத்து நிமிஷம், பதினான்கு தவறு. நூற்று இருபத்தைந்து நிமிஷம், முப்பத்தொன்று. எல்லோரும் நூற்று இருபதுக்கும் இருநூற்று அறுபதுக்கும் நடுவே ஒரு மூலையில் கும்பலாக நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பதினேழாவது வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது நிமிஷம். இருநூற்றுப் பன்னிரண்டு தவறு.

தாள் போதவில்லை. இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டினாள். அதுவும் போதாமல் இன்னொன்று. மேலே ஒன்று, அந்த மூலைக்கு இன்னொன்று. ஜன்னல் முழுக்கத் தாளாகி அறை இருண்டு போனது. ஏழு எட்டுப் பின்னால் போனாள். இடது கீழ் மூலையில் இருபத்துமூன்று புள்ளிகள் கடுகு சிந்தின மாதிரி. வலது மேல் மூலையில், பக்கத்து ஜில்லாவில், தன்னந்தனியாக ஒன்று. சண்டை போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வராத பெண்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. அவளுடைய நாத்தனாரேதான்.

கும்பலையும் அந்த ஒற்றையையும் ஒரு நூல் பிடித்து இழுத்தால் கோடு நேராகத்தான் போகும். இரண்டு புள்ளி இருந்தால் எந்தக் கோடும் நேர்தான். கம்ப்யூட்டர் சொன்ன ஒன்பது ஏழு அந்தக் கோடு. ஒற்றைப் புள்ளியை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தாள். கடுகுதான் மிஞ்சியது. கடுகுக்கு ஒரு திசையும் இல்லை. கையோடு கணக்கும் போட்டுப் பார்த்தாள். இருபத்துமூன்று பேருக்கு மட்டும் போட்டால் வந்த ஒட்டுறவு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.

ஆனால் மறைத்த கையை எடுத்துத்தான் ஆகவேண்டும். ஒரு புள்ளி தூரத்தில் நிற்கிறது என்பதற்காக அதை அழிக்க முடியாது. மெய்யாகவே ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தால் அவளும் கணக்குத்தான். ஏன் அங்கே போனாள் என்று தெரிய வேண்டும். அதிலும் அழிப்பவளுக்கு அவள் நாத்தனார். நாளைக்குக் கேண்டீனில் பாடி ஆடுவார்கள்.

புள்ளியக்கா எழுந்தாள். அவள் முழங்காலும் ஒரு சத்தம் கொடுத்தது.

பெல்ட் ஓடுகிற கூடத்துக்கு ஐம்பத்திரண்டு படி இறங்க வேண்டும். ஐம்பத்திரண்டு என்று கட்டியவன் சொன்னது. ஏறியவர்களைக் கேட்டால் நானூறு. இரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்துப் பெல்ட் நின்றிருந்தது. எல்லோரும் கேண்டீனுக்குப் போய்விட, பதினேழு மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பதினாறு. அவள் நாத்தனாருக்கு நாக்கு மாதிரி. இவள் நினைப்பதை அவள் சொல்லுவாள்.

“போன வாரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது நிமிஷம் உக்காந்திருக்கே. எப்படி?” என்று புள்ளியக்கா கேட்டாள்.

நாத்தனார் சட்டிக்குள் பார்த்துக்கொண்டே பதினாறிடம் சொன்னாள்: “ஸ்டூலைத் தூக்க ஆள் அனுப்புவாங்கன்னு நெனச்சேன். அவங்களே வந்துட்டாங்கன்னு சொல்லு.”

“அக்கா, ஸ்டூலைத் தூக்க...” என்று பதினாறு ஆரம்பித்தாள்.

“எனக்குக் காது கேக்குது. தூக்க வரல. கேக்க வந்தேன்.”

“கேட்டுட்டு மாப்பிள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லுவாங்க. அவரு என் நம்பரைப் போட்டு ஒன்பது ஏழுன்னு ஊரெல்லாம் காட்டுறாரு. கேண்டீன்ல என்னைப் பாத்ததும் எல்லாரும் எந்திரிச்சு எடம் விடுறாளுங்க. என்னாலதான் எல்லாருக்கும் ஸ்டூல் போகுதாம். அதையும் சொல்லு.”

“அக்கா...”

“கேட்டுச்சு. ஏம்மா, நாள் முழுக்க உக்காந்தே இருந்தியா இல்லையா?”

நாத்தனார் கரண்டியை வைத்தாள். “பின்ன, மூட்டையை நின்னுக்கிட்டா பொறுக்குவாங்கன்னு கேளு.”

“எந்த மூட்டை?”

“திரும்பி வந்த மூட்டை. ஆறு மூட்டை. பழுது ஜாஸ்தின்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிச்சது. ஒரு வாரம் மூலையில உக்காந்து அதைப் பொறுக்குன்னு சூப்பர்வைசர் ஒரு சீட்டைக் காட்டினான். கால் சரியில்லாத ஆளாப் பாத்துப் போடுங்கன்னு மேலேர்ந்து சொன்னாங்களாம். எனக்கு வேற ஸ்டூல் ஒத்துக்காது. என் ஸ்டூலையே தூக்கிட்டுப் போனேன்.”

பதினேழாம் ஸ்டூலுக்கு அடியில் சின்னதாக ஒரு சென்சார் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எங்கே தூக்கிப்போனாலும் அதுவும் கூடவே போகும். யாராவது உட்கார்ந்தால் எரியும், எழுந்தால் அணையும். ஏன் உட்கார்ந்தாய் என்று அது கேட்காது.

“சரி. பொறுக்கின பழுதை எங்க போட்டே?”

நாத்தனார் தூக்குச் சட்டியின் மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு தகர டப்பா உண்டு. அவள் பெல்ட்டில் கோட்டைவிட்ட பழுதுகளை, மூலையில் இருக்கிற கடைசி மேஜையில் கண்டுபிடித்து, அவள் நம்பர் போட்ட டப்பாவில் போடுவார்கள். வாரக் கடைசியில் டப்பா எடை மெஷினில் ஏறும். அது மாப்பிள்ளை வாங்கிய மெஷின். மூடியைத் திறக்காமலே உள்ளே எத்தனை பொத்தான் என்று சொல்லிவிடும்.

“எந்த டப்பால போட்டே?”

“எதுல போடுவாங்க. என் டப்பாலதான்.”

“உன் தப்பைப் போடுற டப்பாலயா? காலி டப்பா இல்லையா?”

நாத்தனார் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“காலி டப்பா அந்தக் கோடியில இருக்கு அண்ணி. போக நாப்பது அடி, வர நாப்பது அடி. என் முட்டியைக் கேட்டுட்டு வந்து பேசுங்க.”

நாற்பத்தோரு நாளைக்குப் பிறகு வந்த அண்ணி. இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது, இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். பதினாறு மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தாள். அவளுக்கு வேலை போய்விட்டது.

“டப்பா எங்க இப்போ?”

“உருக்குற ரூமுக்குப் போயிருக்கும். திங்கக்கெழம மூணு மணிக்கு ஊத்திருவாங்க.”

மணி இரண்டே முக்கால். எழுதிக்கொண்டே வந்தால் இந்த இடத்தில் புள்ளியக்கா ஓடினாள் என்று போடத் தோன்றும். ஓடவில்லை. ஐம்பத்தாறு வயசில், காலையிலிருந்து ஒரு டீயோடு நிற்கிறவள் ஓடமாட்டாள். நடந்தாள். ஆனால் அந்த நடைக்கு வழியிலிருந்த பூனைகள் இரண்டு ஒதுங்கி நின்றன. உருக்கும் அறையில், டப்பாக்களை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டு வந்த உலைக்காரர் பதினாறாம் டப்பாவைக் கீழே வைத்துப் பதினேழைக் கையில் எடுத்திருந்தார்.

“அண்ணே, அதை ஊத்தாதீங்க.”

“ஏன், உள்ள நகை இருக்கா?”

“அதைவிட ஜாஸ்தி.”

மூடியைத் திறந்தார்கள். உள்ளே அத்தனையும் பச்சை. பாசிப் பச்சையில் நான்கு துளைப் பொத்தான்கள், ஒன்றுவிடாமல். உலைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது எப்படி இங்க? பச்சை ஓட்டி ரெண்டு மாசம் ஆச்சே. போன வாரம் பூரா வெள்ளைதான ஓடிச்சு.”

“அதான் அண்ணே கேள்வி,” என்றாள் புள்ளியக்கா. சுவரில் சாய்ந்து அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் புள்ளிகளே தெரிந்தன. நாத்தனார் விட்ட தப்பு இல்லை அது. பிடித்த தப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பழுதைக் கண்டுபிடித்ததற்கு, இருநூற்றுப் பன்னிரண்டையும் அவள் தலையிலேயே எழுதியிருந்தார்கள். மெஷினுக்கு எடை தெரியும், நிறம் தெரியாது.

சூப்பர்வைசரிடம் அந்தச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நானூறு படிகளையும் ஏறினாள்.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். எழுபது வயசு, தூண் மாதிரி உடம்பு. இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை அவர் பின்னால் கைகட்டி நின்றார். புள்ளியக்கா ஜன்னல் பக்கம் நின்றாள்.

“என்னம்மா, வெளிச்சத்தையெல்லாம் அடைச்சு வச்சிருக்கே?”

“ஒரு ஆளு தூரமாப் போயிட்டாங்கய்யா. அஞ்சு தாள் ஒட்ட வேண்டியதாப் போச்சு.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இவங்க எல்லாம் இங்க இருக்காங்க. இது யாரு, வேற ஊர்ல நிக்கிறது?”

“பதினேழு மாமா,” என்றார் மாப்பிள்ளை. “ஜாஸ்தி உக்காந்தது அவங்கதான், ஜாஸ்தி தப்பு பண்ணதும் அவங்கதான். இதுதான் நான் சொன்னது. ஆனா அக்காவோட நாத்தனார். அதனால அக்கா இப்ப அந்தப் புள்ளியை எடுக்கணும்னு சொல்லுவாங்க பாருங்க.”

“எடுக்கல தம்பி. ரெண்டு விதமாவும் எழுதியிருக்கேன். சேத்தா ஒன்பது ஏழு. சேக்காட்டி பூஜ்யம் நாலு. எது வேணுமோ ஐயா எடுத்துக்கட்டும். ஆனா அதுக்கு முன்னால இதைப் பாத்துருங்க.”

டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். பச்சைப் பொத்தான்கள் உருண்டு கணக்குத் தாள்மேலும் முதலாளி மடியிலும் விழுந்தன. ஒன்று மாப்பிள்ளையின் ஷூவுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பொத்தான் அவருக்குத் தெரியாதா.

“இது திரும்பி வந்த சரக்கு.”

“ஆமாய்யா. அதுலேர்ந்து பழுதைப் பொறுக்கச் சொல்லி மூலையில உக்கார வச்சிருக்காங்க. அவளும் பொறுக்கிப் பக்கத்துல இருந்த தன் டப்பாலயே போட்டுட்டா. அது அவ பண்ண தப்பு. கேட்டா முட்டி வலிங்கிறா. எடை மெஷின் அதை எண்ணிருச்சு. சென்சாரு உக்காந்ததை எண்ணிருச்சு. போன வாரம் அவ பெல்ட்டுப் பக்கமே போகல. மத்த இருபத்துமூணு பேரு பண்ற வேலையும் இவ பண்ண வேலையும் ஒன்னே இல்ல. ஒரே படத்துல வைக்கவே கூடாதுங்கய்யா.”

“யாரு மூலையில உக்கார வச்சது?”

புள்ளியக்கா சீட்டை நீட்டினாள். ‘கால் சரியில்லாத ஒருவரை அமர்த்தவும்.’ அடியில் ஒரு கையெழுத்து, வால் நீண்டு, பட்டம் மாதிரி. முதலாளி அதைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், திரும்பச் சீட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார்.

கீழே லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

மாப்பிள்ளை லேசில் விடுகிற ஆள் இல்லை. அவரிடம் இன்னொரு பிடி இருந்தது.

“சரி மாமா, அக்கா சொல்றபடியே வச்சுக்குவோம். பூஜ்யம் நாலு. அப்படின்னா உக்கார்றதுக்கும் தப்புக்கும் சம்பந்தமே இல்ல. சம்பந்தம் இல்லன்னா ஸ்டூலை எடுத்தாலும் நஷ்டம் இல்லதானே? கூடத்துல எடமாவது மிச்சம்.”

முதலாளி மெல்லத் தலையாட்டினார். “அதுவும் நியாயமாத்தான் இருக்கு.”

புள்ளியக்காவுக்கு அந்த நிமிஷம் தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. காலையிலிருந்து ஏறி இறங்கியது, டப்பா தூக்கியது எல்லாம் இந்த ஒரு தலையாட்டலில் கரைந்து போனது. லாரி, குடோன், வீட்டில் நாள் முழுக்க நாத்தனார், ஜன்னல், நாற்பத்தோரு நாள், இன்னும் நானூற்றுப் பத்து நாள். தோளைச் சுவரில் கொடுத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். ஏழு எட்டு இல்லை, ஒரே எட்டு. அது போதுமாக இருந்தது.

“ஐயா, இந்தப் படத்துல உக்காராத ஆளு யாருமே இல்ல.”

“என்னது?”

“இங்க பாருங்க.” நூற்று இருபதுக்கு இடப்பக்கம் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். “வாரத்துக்கு நூத்து இருபது நிமிஷத்துக்குக் கீழ ஒரு புள்ளி கிடையாது. எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் உக்காந்தவங்க. கொஞ்சம் கூட உக்காந்தாலும் கொஞ்சம் கொறச்சு உக்காந்தாலும் ஒன்னும் மாறல, அதைத்தான் இந்த நாலு சொல்லுது. சுத்தமா உக்காராம நின்னா என்ன ஆகும்னு இந்தத் தாளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாத எடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்யா. தம்பி வேணும்னா போட்டுக்கட்டும்.”

முதலாளி விரலையும் வெற்றிடத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். பொறுமையாக மடியிலிருந்த பச்சைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

“தெரிஞ்சுக்கணும்னா?”

“யாராவது ஒருத்தர் ஒரு வாரம் உக்காராம பெல்ட்டுல நிக்கணும். அளந்து பாக்கலாம்.”

முதலாளி திரும்பினார். குரலில் பாசம் வழிந்தது.

“மாப்பிள்ளை, உங்க முட்டி எப்படி இருக்கு?”

லாரி நாலே முக்காலுக்குக் காலியாகவே போனது. அன்று சாயங்காலப் பஸ்ஸில் நாத்தனார் கடைசி வரிசைக்குப் போகவில்லை. டிரைவருக்குப் பின்னாலும் வரவில்லை. நடுவில் உட்கார்ந்தாள். அவள் பாதி வழி வந்ததே பெரிய தூரம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை பெல்ட்டில் நின்றார். பதினேழாம் நம்பர் இடம். பின்னால் அதே ஸ்டூல். நாத்தனார் பக்கத்தில், ஒத்துக்காத உதிரி ஸ்டூலோடு முனகிக்கொண்டு. ஒன்பது மணிக்கு அவர் ஒரு காலை மாற்றினார். ஒன்பதரைக்கு இன்னொன்றை. பத்து மணிக்கு மாற்றுவதற்கு மூன்றாவது கால் இல்லையே என்று வருந்தினார். பதினொன்றுக்கு அவர் கண்முன்னால் உடைந்த பொத்தான்கள் கைவீசிப் போய்வருகிறேன் சொல்லிவிட்டுப் போயின. அவர் ஒன்றையும் பிடிக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு நாத்தனார் குனிந்து, பொதுவாகச் சொன்னாள்: “உக்காருங்க மாப்பிள்ளை. யாரும் பாக்கல.”

உட்கார்ந்தார். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்று மணிக்குப் படி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு புள்ளியக்காவின் அறைக்கு வந்தார். அவள் எழுந்து தன் ஒரே நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“அக்கா, என் புள்ளியை எங்க வைக்கப் போறீங்க?”

“வைக்க மாட்டேன்.”

“ஏன்?”

“அவங்களோடது வாரக் கணக்கு. உங்களோடது அரை நாள். ரெண்டையும் ஒரே தாள்ல வைக்கக் கூடாது.”

மாப்பிள்ளை விட்ட மூச்சு ஒரு மிதிவண்டிக்காவது காற்றடித்திருக்கும். “அப்போ நாளையிலேர்ந்து ஒரு வாரம் முழுசா நிக்கணுமா?”

“நிக்கிறதுன்னா நில்லுங்க. ஆனா ஸ்டூல் எல்லாம் அங்கயே இருக்கணும் தம்பி. ஸ்டூல் இல்லன்னா நீங்க உக்காரலைன்னு எதை வச்சு அளக்கிறது?”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே அதை யோசித்தார். புதன்கிழமை அவர் பெல்ட்டுக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினேழாம் இடத்தில் ஒரு புது டப்பா இருந்தது, மூடியில் ‘திரும்பி வந்த சரக்கு’ என்று எழுதி. பட்டம்வாலோடு அதே கையெழுத்து.

அன்று பஸ்ஸில் நாத்தனார் அண்ணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் காரியமாக அண்ணியைத் தாண்டிக் கை நீட்டி ஜன்னலைத் திறந்தாள். புள்ளியக்காவுக்கு அது பிடிக்காது, சொல்லத் தெம்பில்லை. இரண்டாவது நிறுத்தத்துக்குள் தலை சாய்ந்து நாத்தனாரின் தோளில் விழுந்துவிட்டாள். அவள் விட்ட குறட்டையில் கண்டக்டர் விசில் ஊதுவதை நிறுத்திக்கொண்டார் என்று பின்னால் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

நெரிசலில் ஒருத்தர் முதியவருக்கு இடம் கேட்டு அவள் தோளைத் தொடப்போனார். நாத்தனார் அவர் கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பூசணிக்காய் முழங்கால்களோடு தானே எழுந்துகொண்டாள். சாய்ந்த தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, நழுவாமல் தன் பையை அண்டக் கொடுத்தாள்.

“அவங்களை எழுப்பாதீங்க. பெரியவர் இதுல உக்காரட்டும். வாரம் பூரா நின்னிருக்காங்க.”